வாழைத்தாருக்குப் பத்து நாள் தவணை

நெல் அறுத்த மிராசுதார் அதைக் காயவைத்துப் பத்தாயத்தில் கொட்டி வைத்துக்கொண்டு, விலை இறங்கியிருந்தால் இரண்டு மாதம் பொறுத்து விற்கலாம். வாழைத்தார் வெட்டியவருக்கு அந்தப் பொறுமை வாய்ப்பதில்லை. கல்லணைக்குக் கீழே திருக்காட்டுப்பள்ளி, திருவையாறு, பாபநாசம், கும்பகோணம் முதலிய பகுதிகளின் படுகை நிலங்களில் பூவன், ரஸ்தாளி, கற்பூரவல்லி, மொந்தன் ஆகிய ரகங்களைப் பயிரிடும் விவசாயிகள் யாவரும் இதை அனுபவத்தில் அறிந்தவர்களே. தார் முற்றிவிட்டால் வெட்டியே தீரவேண்டும். வெட்டிவிட்டால் சில தினங்களுக்குள் விற்றே தீரவேண்டும். கொல்லை வரப்பில் நின்று வியாபாரி சொல்லும் விலைக்குத் தலையசைப்பதன்றி வேறு வழி அவருக்கு இல்லாமற் போகிறது.

வாழைப்பழத்தின் கிராக்கி பஞ்சாங்கத்தை ஒட்டி ஏறி இறங்குவது. மார்கழியில் கல்யாணம் இல்லை. தை பிறந்தால் பொங்கலும் முகூர்த்த நாட்களும் வந்து சேருகின்றன. ஆடியில் முகூர்த்தம் இல்லாவிடினும் பதினெட்டாம் பெருக்கும் அம்மன் கோயில் விழாக்களும் உண்டு. அப்பால் விநாயக சதுர்த்தி, ஆயுத பூஜை, கார்த்திகை என்று வரிசையாக வரும். ஆனால் தார் முற்றுவது பஞ்சாங்கம் பார்த்து அன்று. பொங்கலுக்குப் பன்னிரண்டு நாள் முன்னதாக முற்றிய தாரும், பொங்கல் கழிந்து மூன்றாம் நாள் சந்தைக்கு வந்த தாரும் ஒரே கொல்லையில் ஒரே எருவைத் தின்று வளர்ந்தவையே யாயினும், அவை கொண்டுவரும் பணம் ஒன்றாக இராது. வெட்டிய காயைப் பச்சையாகவே பத்து நாள் நிறுத்தி வைக்கக் கூடுமானால், இந்த வித்தியாசத்தில் ஒரு பகுதியேனும் பயிரிட்டவர் கையில் தங்கும். அந்தப் பத்து நாள் தவணையை எவ்வாறு பெறுவது என்பதே இக்கட்டுரையின் விஷயம்.

குளிர்பதனக் கிடங்கு ஒன்று கட்டிவிட்டால் தவணை தானே கிடைத்துவிடும் என்று பலர் எண்ணுகின்றனர். இது முழு உண்மையன்று. குளிர்ச்சியானது காயில் மிஞ்சியுள்ள ஆயுளை மெதுவாகச் செலவழிக்கச் செய்யுமேயன்றி, செலவாகிப் போன ஆயுளைத் திருப்பித் தராது. கொல்லையிலேயே அடிபட்டு, வெயிலில் கிடந்து, வாடிப்போன சீப்பை எவ்வளவு விலையுயர்ந்த அறையில் வைத்தாலும் அது அடிபட்ட சீப்பாகவே வெளிவரும். ஆகவே தவணையின் பெரும்பகுதி அரிவாள் பிடிக்கும் கையிலும், பெட்டி கட்டும் கையிலுமே இருக்கிறது. இயந்திரம் அதற்குப் பின்னரே வருவது.

வெட்டிய காய் சுவாசிக்கிறது

மரத்திலிருந்து பிரித்த பின்னும் காய் உயிருள்ள பொருளே. அது பிராணவாயுவை உட்கொண்டு கரியமில வாயுவையும் நீராவியையும் உஷ்ணத்தையும் வெளிவிட்டுக்கொண்டே இருக்கிறது. மரம் உணவூட்டிய காலத்தில் சேர்த்துவைத்த மாச்சத்தையே முதலாகக் கொண்டு அது இனி வாழவேண்டும். பச்சைக் காயின் எடையில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு மாச்சத்து. பழுத்த பின் அது நூற்றுக்கு ஓரிரண்டு பங்காகக் குறைந்து, மற்றதெல்லாம் சர்க்கரையாக மாறிவிடுகிறது. சுற்றியுள்ள உஷ்ணம் 10 டிகிரி சென்டிகிரேடு உயர்ந்தால் சுவாசத்தின் வேகம் இரண்டு மூன்று மடங்காகிறது. சித்திரை வெயிலில் லாரியின் மேல் கிடக்கும் தார், நிழலில் கிடக்கும் தாரை விட எவ்வளவு விரைவாகத் தன் முதலைக் கரைக்கும் என்பதை இதிலிருந்து ஊகித்துக்கொள்ளலாம்.

பச்சையாக இருக்குமளவும் இந்தச் சுவாசம் அடக்கமாக நடைபெறும். பின்னர் ஒரு நாள் திடீரென்று அது பல மடங்கு எழும்பி, காய் பழமாகத் தொடங்கும். 1920-களில் இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் நகரில் கிட், வெஸ்ட் என்னும் இரு விஞ்ஞானிகள் ஆப்பிளைக் கொண்டு இந்த எழுச்சியை ஆராய்ந்து விளக்கினர். பழுக்கும் பழமே எத்திலீன் என்னும் வாயுவை உண்டாக்குகிறது என்பதை 1934-ஆம் ஆண்டில் கேன் என்பவர் ரசாயன முறையில் நிரூபித்தார். அந்த வாயு மிகச் சொற்ப அளவில் பட்டாலும் பக்கத்திலுள்ள பச்சைக் காய்கள் பழுக்கத் தொடங்கிவிடும். ஒரு பழுத்த சீப்பு ஒரு குவியலையே பழுக்க வைக்கும் என்று நம் பாட்டிமார் அறிந்திருந்ததற்குக் காரணம் இதுவே. காயின் மேல் விழும் அடியும் வெட்டும்கூட இவ்வாயுவை அதிகரிக்கச் செய்யும்.

ஆகவே தவணை பெறுவதாவது, இந்த எழுச்சியைத் தள்ளிப் போடுவதேயாகும். எழுச்சி ஒரு முறை தொடங்கிவிட்டால் அதை நிறுத்த எந்த இயந்திரத்தாலும் இயலாது. சற்றுத் தாமதப்படுத்தவே கூடும்.

வெட்டும் நாழிகை

முற்றிலும் முற்றிய தாரைத் தூரத்திற்கு அனுப்புதலும் தவறு. எடைக்கு ஆசைப்படாமல் மிக இளசாக வெட்டுதலும் தவறு. பிஞ்சில் கூர்மையாக இருக்கும் காயின் வரம்புகள் மழுங்கி, ஆனால் இன்னும் விரலுக்குத் தட்டுப்படும் பருவத்தில், அதாவது முக்கால் முதல் நூற்றுக்கு எண்பது பங்கு முற்றிய நிலையில் வெட்டப்படும் தாரே பிரயாணத்தையும் சேமிப்பையும் தாங்கும். உள்ளூர்ச் சந்தைக்கு நன்கு உருண்டு திரண்ட காய் ஏற்கும். தார் பூத்த வாரத்தைக் குறிக்க மரத்தில் வர்ண நாடா ஒன்றைக் கட்டிவைக்கும் வழக்கம் பெரிய தோட்டங்களில் உண்டு. செலவில்லாத இவ்வழக்கத்தை நம் கொல்லைகளிலும் கைக்கொண்டால், எந்த வாரத்தில் எத்தனை தார் வெட்டுக்கு வரும் என்பதை இரண்டு மாதம் முன்னதாகவே கணக்கிடலாம்.

வெட்டுவதற்குரிய நேரம் விடியற்காலை. இதில் சௌகரியம் மாத்திரமன்று, பணமும் அடங்கியிருக்கிறது என்பதை ஒரு கணக்கால் காட்டுவோம். 10 டன் காய் நடுப்பகலில் வெட்டப்பட்டு 32 டிகிரி உஷ்ணத்துடன் குளிர் அறைக்கு வருவதாக வைத்துக்கொள்வோம். அதை 14 டிகிரிக்கு இறக்க அதிலிருந்து எடுக்கவேண்டிய உஷ்ணம் ஏறக்குறைய 1,800 கிலோ பனிக்கட்டியை உருக்கப் போதுமானது. அதே காயை விடியலில் 25 டிகிரியில் வெட்டி, வெயில் ஏறுமுன் கொண்டு சேர்த்தால் சுமார் 1,100 கிலோ பனிக்கட்டியை உருக்கும் உஷ்ணமே எடுக்கவேண்டியிருக்கும். மின்சாரக் கணக்கில் சொல்வதாயின் முன்னதற்கு 60 முதல் 70 யூனிட் வரையிலும் பின்னதற்கு 40 யூனிட் அளவிலும் ஆகும். சுவர் வழியாகவும் கதவு வழியாகவும் புகும் உஷ்ணம் இதில் சேரவில்லை. விடியற்காலையின் குளிர்ச்சி மின்வாரியத்தின் பில்லில் வராத குளிர்ச்சி. அதை வீணாக்கிவிட்டு இயந்திரத்தைக் குறை கூறுதல் முறையன்று.

தாரை ஒருவரே வெட்டித் தரையில் விழவிடுவது பல கொல்லைகளில் காணும் கெட்ட பழக்கம். ஒருவர் மரத்தைப் பாதி வெட்டிச் சாய்க்க, மற்றொருவர் தோளில் மெத்தென்ற துணியிட்டுத் தாரை ஏற்றுக்கொள்ள வேண்டும். மண்ணில் வைக்கலாகாது. அடிபட்ட இடம் பச்சைக் காயில் கண்ணுக்குத் தெரியாது. பழுத்த பிறகே கறுத்துக் காட்டும். அதனால் அடி போட்டவர் யார் என்பது ஒருபோதும் வெளிப்படுவதில்லை. கழிவு மட்டும் பயிரிட்டவர் கணக்கில் ஏறுகிறது.

சீப்பும் பெட்டியும்

நம் பக்கத்தில் தாரைத் தாராகவே லாரியில் அடுக்கி, இடையில் வாழைச்சருகையும் வைக்கோலையும் திணித்து அனுப்புவது நெடுநாளைய வழக்கம். அந்தத் தாரின் நடுத்தண்டு விற்பனைக்கு உதவாத சுமை. அன்றியும் தாரின் மேல் தார் அழுத்தி, ஓட்டத்தில் உரசி, கீழடுக்கு நசுங்குகிறது. சருகு மெத்தையாக உதவுவது உண்மையே. ஆனால் சீப்பின் அடிக்கட்டையை அழுகச் செய்யும் காளான்களின் விதைகள் தங்கியிருப்பதும் காய்ந்த வாழையிலையிலும் பூமடலிலுமே.

பெட்டி முறை உலகில் எவ்வாறு வந்தது என்பதைச் சிறிது சொல்வது பயன்தரும். மத்திய அமெரிக்காவிலிருந்து அமெரிக்க ஐக்கிய நாட்டிற்கு நெடுங்காலம் சென்ற வாழை, குரோஸ் மிஷேல் என்னும் தடித்த தோலுடைய ரகம். அதைத் தாராகவே கப்பலில் தொங்கவிட்டும் அடுக்கியும் கொண்டு சென்றனர். பனாமா வாடல் நோய் அந்த ரகத்தை அழித்த பின், 1950-களின் கடைசியிலும் 1960-களிலும் நோயைத் தாங்கிய கேவண்டிஷ் ரகங்களுக்கு வியாபாரிகள் மாறினர். கேவண்டிஷின் தோல் மெல்லியது. தாராக அனுப்பினால் கன்றிப் போயிற்று. அதன் பிறகே தோட்டத்திலேயே சீப்புகளைப் பிரித்து, கழுவி, அட்டைப் பெட்டியில் அடைக்கும் முறை நிலைபெற்றது. அதாவது பெட்டி என்பது அழகிற்காக வந்ததன்று. மென்மையான காய்க்குக் கவசமாக வந்தது. ரஸ்தாளி நம் ரகங்களுள் மிகவும் மென்மையானது. பழுத்தால் சீப்பிலிருந்து காம்பு கழன்று உதிரும் குணமும் அதற்கு உண்டு. பெட்டி முறையின் அனுகூலம் முதலில் அதற்கே அதிகமாகக் கிட்டும்.

செய்முறை பின்வருமாறு. தாரை நிழலில் தொங்கவிட்டு, வளைந்த கூரான கத்தியால் சீப்புகளை அடிக்கட்டையுடன் சேர்த்துச் சீராக அறுத்து எடுக்கவேண்டும். கட்டையைக் குறுகலாக வெட்டினால் அழுகல் காம்பு வரையில் விரைந்து பரவும். வெட்டு வாயிலிருந்து வடியும் கறை காயின் மேல் படாதவாறு உடனே தண்ணீர்த் தொட்டியில் இடவேண்டும். லிட்டருக்கு 10 கிராம் வீதம் படிகாரம் கரைத்த நீர் கறையை நிறுத்தும். தொட்டி நீர் குடிக்கத்தக்க சுத்தமுள்ளதாக இருத்தல் அவசியம். வாய்க்கால் நீரை மொண்டு ஊற்றி, நாள் முழுவதும் மாற்றாது வைத்திருந்தால் ஒரு சீப்பின் அழுகலை எல்லாச் சீப்புகளுக்கும் தடவினவர்களாவோம். நீர் வடிந்த பின் ஈரம் உலர்த்திப் பெட்டியில் வைக்கலாம்.

பெட்டி நெளிவு அட்டையால் ஆனதாகவும் பக்கங்களில் காற்றுத் துளைகள் உடையதாகவும் இருக்கவேண்டும். 13, 14 கிலோ கொள்ளும் பெட்டி ஓராள் தூக்குவதற்கு ஏற்றது. சீப்புகளின் அடிக்கட்டை கீழ்நோக்கி இருக்க, ஒரு வரிசையின் கட்டை மறு வரிசையின் காயைக் குத்தாதவாறு இடையே மெல்லிய மெத்தைத் தாள் இடுக. பெட்டியின் மேல் பெட்டி அடுக்கும்பொழுது சுமையை அட்டையின் சுவர்களே தாங்கவேண்டும். மூடி பிதுங்கும்படி நிரப்பினால் சுமை காயின் மேல் இறங்கும். ‘இன்னும் ஒரு சீப்பு கொள்ளும்’ என்று திணிக்கும் கை, கீழே உள்ள இரண்டு சீப்பைக் கெடுக்கிறது. அருகிலுள்ள சந்தைக்கு மட்டும் அனுப்புவோர் அட்டைப் பெட்டிக்குச் செலவழிக்க வேண்டியதில்லை. கழுவி மீண்டும் உபயோகிக்கத்தக்க பிளாஸ்டிக் கூடைகளே போதும். அவற்றின் உட்புறத்தில் செய்தித்தாளோ மெத்தைத் தாளோ விரித்தால் உராய்வு குறையும்.

இனி பையைப் பற்றி. பெட்டியினுள் மெல்லிய பாலித்தீன் பை விரித்துக் காயை மூடினால் இரண்டு நன்மை உண்டு. ஈரம் வெளியேறாமையால் எடை குறைவதில்லை. அன்றியும் காயின் சுவாசத்தால் பையினுள் பிராணவாயு குறைந்து கரியமில வாயு மிகும். இரண்டும் நூற்றுக்கு இரண்டு முதல் ஐந்து பங்கு அளவில் நிற்குமானால் காய் ஒருவாறு உறங்கியபடி இருக்கும். பையினுள் சேரும் எத்திலீன் வாயுவை ஈர்க்கப் பொட்டாசியம் பர்மாங்கனேட்டுக் கரைசலில் ஊறிய சுண்ணக்கட்டி அல்லது செங்கல் துண்டுகளைத் துளையுள்ள சிறு உறையில் வைக்கலாம். வாழைக்கு இம்முறை பயன்படுவதை 1970-ஆம் ஆண்டில் ஆஸ்திரேலியாவில் ஸ்காட் முதலியோர் வெளியிட்டனர். ஊதா நிறம் பழுப்பாக மாறினால் அதன் சக்தி தீர்ந்தது என்று அறியவேண்டும். அந்தத் துண்டு காயில் நேராகப் படலாகாது.

ஆனால் பை இருபுறமும் கூரான கத்தி. வெயிலில் நிற்கும் லாரியில் இறுக மூடிய பைக்குள் பிராணவாயு அறவே தீர்ந்துபோனால், காய் புளித்து மதுவாடை வீசும், பழுக்கவும் பழுக்காது. உஷ்ணம் மிகும் இடத்தில் மூடிய பையைக் காட்டிலும் துளையிட்ட பையே க்ஷேமம். மூடிய பையைக் குளிர்ச்சியுடன் சேர்த்தே உபயோகிக்கவேண்டும்.

எவ்வளவு குளிர்ச்சி?

இவ்விஷயத்தில் ஏற்படும் தவறே எல்லாவற்றிலும் பெரிய நஷ்டத்தை விளைப்பதாகையால் சற்று விரிவாகச் சொல்லுவோம். குளிர்ச்சி நல்லதாயின் அதிகக் குளிர்ச்சி அதிக நல்லது என்று எண்ணுவது இயல்பு. ஆப்பிளுக்கு அது பெரும்பாலும் பொருந்தும். காஷ்மீரத்திலும் இமாசலப் பிரதேசத்திலும் புரட்டாசி, ஐப்பசியில் பறித்த ஆப்பிள் நீர் உறையும் நிலைக்கருகில் சேமிக்கப்பட்டுச் சித்திரையிலும் தஞ்சாவூர்க் கடைவீதியில் விற்கிறது. வாழையோ உஷ்ணப் பிரதேசத்துப் பயிர். அதன் காய்க்கு 13 முதல் 14 டிகிரி சென்டிகிரேடே ஏற்ற நிலை. 12 டிகிரிக்குக் கீழே இறங்கினால் சில மணி நேரத்திலேயே ஊறு தொடங்கிவிடும். தோலுக்கு அடியில் பழுப்பு இழைகள் தோன்றும். பழுக்க வைத்தால் பொன்னிறம் வாராமல் சாம்பல் படிந்த மஞ்சளாக நிற்கும். ஊறு கடுமையானால் உள்ளே மாவு மாவாகவே இருந்துவிடும். வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்த வாழைப்பழம் மறுநாள் கறுத்திருப்பதை எல்லோரும் கண்டிருப்பர். அது அழுகல் அன்று. குளிரால் விளைந்த காயம்.

மிளகாய், புளி முதலிய சரக்குகளை 4, 5 டிகிரியில் வைக்கும் கிடங்கில் ‘இடம் காலியாக இருக்கிறது’ என்று ஒரு விவசாயி தம் பூவன் காயை ஏற்றி வைப்பாராகில், பத்து நாள் கழித்துக் காய் பச்சையாகவே வெளிவரும். பார்வைக்கு ஒரு குறையும் தோன்றாது. வாங்கிய வியாபாரி பழுக்கப் போட்ட பின்னரே சரக்கு முழுவதும் பாழானது தெரியும். அதற்குப் பின் அந்த ஊர்ச் சரக்கையே அவர் தொடமாட்டார். ஆதலால் கிடங்கு எதுவாயினும், வாழைக்கென்று தனி அறையும், 13 டிகிரிக்குக் கீழே இறங்காத கட்டுப்பாடும் உண்டா என்று கேட்டறியாமல் சரக்கை ஏற்றலாகாது. அறையின் காற்றை அளந்தால் மட்டும் போதாது; ஊசி முனையுள்ள உஷ்ணமானியைக் காயின் சதையில் செலுத்திப் பார்க்கவேண்டும். மாம்பழத்திற்கும் ஏறக்குறைய இதே எல்லைதான். ஆப்பிள், மாம்பழம் முதலிய பழுக்கும் பழங்களைப் பச்சை வாழையுடன் ஒரே அறையில் வைத்தலும் ஆகாது. அவை விடும் எத்திலீன் நம் தவணையைத் தின்றுவிடும்.

அறையில் ஈரப்பதம் நூற்றுக்கு 90 முதல் 95 வரை இருத்தல் நலம். பெட்டிகளைச் சுவரோடு ஒட்டாமல், வரிசைகளுக்கிடையே காற்று ஓட இடம்விட்டு, ஒரு பெட்டியின் துளை அடுத்த பெட்டியின் துளையோடு நேர்படும்படி அடுக்கவேண்டும். நடுவில் சிக்கிய பெட்டி குளிராமல், தன் சுவாசத்தின் சூட்டிலேயே வெந்து முதலில் பழுக்கும்; அது மற்றவற்றையும் பழுக்கச் செய்யும்.

இம்முறைகளைச் செவ்வனே அனுசரித்தால் பச்சைக் கேவண்டிஷ் காய் மூன்று நான்கு வாரம் நிற்கிறது. 2020 ஜனவரியில் ஆந்திரப் பிரதேசத்துத் தாடிபத்ரியிலிருந்து பம்பாய்க்கருகிலுள்ள ஜவாஹர்லால் நேரு துறைமுகத்திற்கு வாழைக்கென்றே ஒரு ரயில் வண்டி குளிர் பெட்டகங்களுடன் சென்றது. அக்காய் அங்கிருந்து கப்பலேறி அயல்நாடு சேர்ந்தது. கேவண்டிஷுக்கே இது கூடும், நாட்டு ரகங்களுக்குக் கூடாது என்பாருக்கு நேந்திரனே பதில். 1993-ஆம் ஆண்டில் திருச்சிராப்பள்ளியில் ஏற்பட்ட தேசிய வாழை ஆராய்ச்சி மையம் வகுத்த முறைப்படி, 2021-ஆம் ஆண்டில் கேரளத்து நேந்திரன் கொச்சியிலிருந்து கடல் மார்க்கமாக லண்டன் சேர்ந்தது. பல வாரக் கடற்பயணத்தையே தாங்கும் ஒரு முறை, பத்து நாள் தவணைக்கு உதவாமற் போகாது.

மின்சாரமில்லாத குளிர் அறை பற்றியும் சிலர் வினவுவர். புது தில்லி வேளாண் ஆராய்ச்சி நிலையத்தில் 1980-களில் உருவாக்கப்பட்ட, இரட்டைச் செங்கற் சுவருக்கிடையே ஈர மணல் நிரப்பிய சிறு தொட்டி அது. நீர் ஆவியாகும்பொழுது உட்புறம் குளிரும். வறண்ட காற்றில் இது நன்கு பலன் தரும். நம் டெல்டாவில் ஐப்பசி, கார்த்திகையில் காற்றே ஈரமாக இருக்கையில் நீர் எங்கே ஆவியாகப் போகிறது? பங்குனி முதல் ஆனி வரையில் வீட்டு உபயோகத்திற்கும், ஓரிரு கூடைக் காய்க்கும் வைத்துக்கொள்ளலாம். தார் வியாபாரத்திற்கு அதை நம்புவது தகாது.

பழுக்க வைத்தல்

பத்து நாள் நிறுத்திய காயைப் பிறகு வேண்டிய நாளில் ஒரே சீராகப் பழுக்க வைக்கத் தெரியாவிட்டால் தவணையால் பயனில்லை. நம் முன்னோர் அறையை மூடிப் புகை மூட்டம் இட்டனர். புகையில் எத்திலீன் கலந்திருந்தமையால் காய் பழுத்தது; ஆனால் அளவு கைக்கு அடங்குவதன்று, புகை நாற்றமும் கறையும் தங்கும். கால்சியம் கார்பைடு கற்களை வைத்தல் சட்ட விரோதம். அதில் கலந்துள்ள ஆர்சனிக், பாஸ்பரஸ் ஆகிய நச்சுக்களைக் கருதி, 2011-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு விதிகள் அதைத் தடுக்கின்றன. எத்திலீன் வாயு 10 லட்சத்தில் 100 பங்கு வரையில் அனுமதிக்கப்படுகிறது. 16 முதல் 18 டிகிரியில் உள்ள மூடிய அறையில் ஒரு நாள் முழுதும் அவ்வாயுவில் வைத்து, பின்னர் கதவைத் திறந்து கரியமில வாயுவை வெளியேற்றிப் புதுக்காற்று விடவேண்டும். எத்திலீன் மருந்துக் கரைசலில் காயை நேராக முக்கி எடுத்தல் கூடாது. அவ்வாயு தீப்பற்றுவதாகையால் அறையருகில் பீடி, சுருட்டுக்கும் இடமில்லை.

இங்கு ஒரு வேடிக்கையைச் சொல்லாமல் விட மனமில்லை. மோரிஸ், ரொபஸ்டா முதலிய கேவண்டிஷ் இனத்துப் பழம் இயற்கையிலேயே பச்சை நிறமுடையது என்று நம்மவர் நம்பி அதைப் ‘பச்சைப் பழம்’ என்றே அழைத்துவந்தனர். அது நம் வெயிலின் பிழை. 25 டிகிரிக்கு மேற்பட்ட உஷ்ணத்தில் பழுக்கும்பொழுது அந்த இனத்தின் தோல் தன் பச்சையை இழப்பதில்லை. 17 டிகிரியில் பழுக்க வைத்தால் அதே காய் பொன்போல் மஞ்சளாகிறது. பூவனுக்கு இந்தத் தொல்லை இல்லை. எனினும் அதுவும் மிகுந்த உஷ்ணத்தில் பழுத்தால் தோல் நிறம் பெறுமுன் உள்ளே குழைந்துவிடும்.

கிராமத்தில் செய்யத்தக்கது

மூன்று ஏக்கர் வாழையுள்ள ஒருவர் தமக்கென்று குளிர் அறை கட்டுவதை நாம் ஆதரிக்கவில்லை. வருஷத்தில் பெரும்பாலான நாட்கள் அது காலியாகவே ஓடும்; காலி அறைக்கும் மின்சாரம் ஆகும். அவர் முதலில் செய்யவேண்டியவை நிழற்கொட்டகை, தண்ணீர்த் தொட்டி, கூடைகள், நல்ல கத்தி, விடியற்கால வெட்டு ஆகியவை. இவற்றால் கழிவு குறைவதை ஒரு பருவம் கணக்கெழுதிப் பார்த்த பிறகு, அடுத்தடுத்த கிராமத்தார் ஓர் உழவர் உற்பத்தியாளர் நிறுவனமாகச் சேர்ந்து, வாழைக்கான சேமிப்பு அறையையும் பழுக்க வைக்கும் அறையையும் ஒரே இடத்தில் அமைப்பது உசிதம். 2020-ஆம் ஆண்டில் மத்திய அரசாங்கம் ஏற்படுத்திய வேளாண் உட்கட்டமைப்பு நிதியில் இத்தகைய கட்டடங்களுக்கான கடனில் 2 கோடி ரூபாய் வரையில் நூற்றுக்கு 3 வீதம் வட்டிச் சலுகை வகுக்கப்பட்டது. நடப்பு வருஷத்து நிபந்தனைகளைத் தோட்டக்கலை உதவி இயக்குநரிடம் கேட்டறிந்தே மனுச் செய்யவேண்டும். அறையின் அமைப்புப் பற்றிய யோசனைக்கு மேலே கூறிய திருச்சி மையமும், தஞ்சாவூர் புதுக்கோட்டைச் சாலையில் உள்ள தேசிய உணவுத் தொழில்நுட்ப நிறுவனமும் நமக்கு எட்டும் தூரத்திலேயே உள்ளன. பின்னது 1967-இல் திருவாரூரில் நெல்லைப் பதப்படுத்தும் ஆராய்ச்சிக்கென்று தொடங்கியது என்பது நம் ஜில்லாவாசிகளுக்கு நினைவிருக்கும்.

மின்சாரம் தடைப்படும் நாட்களைக் கருதி ஜெனரேட்டர் வைத்தல் அவசியம். தடை சிறிது நேரமேயாயின் கதவைத் திறக்காதிருப்பதே சிறந்த பரிகாரம். நன்கு குளிர்ந்த 10 டன் காய் தானே ஒரு பனிப்பாறை போலச் சில மணி நேரம் உஷ்ணத்தைத் தடுத்து நிற்கும். அறையிலிருந்து பெட்டிகளை வெளியேற்றும்பொழுது வெளிக்காற்றின் ஈரம் குளிர்ந்த காயின்மேல் வியர்வைபோல் படியும். அவ்வாறு நனைந்த காயைப் பையில் கட்டி வெயிலில் ஏற்றினால் ஒரே இரவில் காளான் பூக்கும். ஆகையால் இரவிலோ விடியலிலோ வெளியேற்றி, மூடியைத் தளர்த்தி, காற்றோட்டத்தில் ஈரம் உலர்ந்த பின் ஏற்றவேண்டும்.

கிராம நிர்வாக அலுவலர்களுக்கும் இதில் ஒரு வேலை உண்டு. அடங்கலில் ‘வாழை’ என்று மட்டும் எழுதுவதோடு நில்லாமல், ரகத்தையும் நட்ட மாதத்தையும் தனிக் குறிப்பாக வைத்திருப்பாரானால், பயிர்க் கடனுக்கும் காப்பீட்டிற்கும் உதவுவதுடன், புயலடித்த பிறகு சேதத்தைக் கணிக்கவும் எளிதாகும். 2018 நவம்பர் 16-இல் கஜா புயல் வீசியபின் சாய்ந்து கிடந்த வாழையில் எது குலை தள்ளியது, எது தள்ளாதது என்று பிரித்தெழுத எத்தனை சிரமம் நேர்ந்திருக்கும் என்பதை எண்ணிப் பார்க்கலாம். அன்றியும் ஒரு பிர்க்காவில் எந்த மாதத்தில் எத்தனை ஏக்கர் பூவன் வெட்டுக்கு வரும் என்பது அக்குறிப்பைக் கூட்டினால் தெரிந்துவிடும். பத்து டன் அறையா, இருபது டன் அறையா, ஓர் அறை போதுமா, இரண்டு வேண்டுமா என்பதற்கு விடை அந்தப் பட்டியலிலேயே இருக்கிறது. அதைத் தயாரித்துக்கொண்டு பிறகு கொத்தனாரை அழைக்கலாம்.